புற்றுநோய் இம்யூனோதெரபியா, நியூரோஇம்யூனாலஜியா? டர்பனில் இருந்து பிஎச்டி தேடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆனர்ஸ் (இளங்கலைக்குப் பின் இங்கே படிக்கும் ஒரு வருடப் பட்டம்) முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள், எம்எஸ்சி தீசிஸ் எழுதிக்கொண்டிருப்பவர்கள், தமிழ்நாட்டில் பயோடெக் படித்துவிட்டுக் கணவரோடு டர்பன் பக்கத்து உம்ஹ்லாங்காவுக்குக் குடிவந்தவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். இம்யூனாலஜியில் (நோயெதிர்ப்பியலில்) பிஎச்டி செய்யணும், புற்றுநோய்ப் பக்கம் போகலாமா, மூளைப் பக்கம் போகலாமா, இங்கேயே செய்யலாமா, கிளம்பிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவை மரபணு மாற்றி, கட்டியைக் கொல்ல அனுப்பும் வேலைதான் வேண்டும் என்றால் வெளிநாடு. மூளைக்குள் நோயெதிர்ப்பு எங்கே பிசகுகிறது என்பது உங்களை இழுக்கிறது என்றால், டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் இந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாக யோசிக்கிறார்கள்: புற்றுநோய் இங்கேயும் இருக்கிறதே, அதனால் இங்கே செய்யலாம், மூளை என்றால் பெரிய சமாச்சாரம், ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்று. ஏன் அப்படி இல்லை என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

துறையின் பெயருக்கு இருக்கும் மவுசைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். நான் பார்ப்பது நான்கு விஷயம்.

ஒன்று, ஆய்வுக்கான மூலப்பொருள் எங்கே இருக்கிறது. கட்டித் திசுவோ, ரத்தமோ, முதுகுத்தண்டு நீரோ, எலியோ, அது உங்கள் லேபுக்குத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்குமா? எவ்வளவு பெரிய மூளை உங்களுக்கு இருந்தாலும் சாம்பிள் வரவில்லை என்றால் தீசிஸ் வராது.

இரண்டு, பணம் எத்தனை வருடம், வேலை எத்தனை வருடம். பர்சரி (உதவித்தொகை) மூன்றாம் வருடத்தோடு நிற்கும், எழுதி முடிக்க நான்கு, நாலரை ஆகும். நடுவில் தொங்கும் அந்தக் காலத்தை யார் சுமப்பது என்பதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

மூன்று, முடித்து வெளியே வரும்போது கையில் என்ன வித்தை இருக்கும். ஃபுளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு வகை பிரிப்பது), ஒற்றைச் செல் ஆர்என்ஏ வரிசைப்படுத்தல், அந்தத் தரவைக் கணினியில் அலசுவது, இந்த மூன்றும் இரண்டு துறைக்கும் பொது. ஆகவே இந்தத் துறையா அந்தத் துறையா என்பது வாழ்நாள் முடிவு என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றில் பிஎச்டி, மற்றதில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) என்று மாறுகிறவர்கள் நிறைய.

நான்கு, வீடு. இதை எழுதக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் நம் வீடுகளில் முடிவைத் தீர்மானிப்பது பல சமயம் இதுதான். அம்மாவின் சர்க்கரை, தம்பியின் கல்லூரிக் கட்டணம், கல்யாணம் எப்போது என்று ஒவ்வொரு தைப்பூசக் காவடிக்கும் கேட்கும் அத்தைமார்கள்.

கைடு எப்படிப்பட்டவர் என்பதை இதில் சேர்க்கவில்லை. அது எங்கே போனாலும் பார்த்தே ஆக வேண்டியது.

## புற்றுநோய் இம்யூனோதெரபி

2011-ல் இபிலிமுமாப், 2014-ல் பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் (மூன்றும் டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் செக்பாயிண்ட் மருந்துகள்), 2017-ல் அமெரிக்காவில் முதல் கார்-டி செல் சிகிச்சைக்கு (டி செல்லை மரபணு மாற்றிப் புற்றுநோயைத் தாக்க அனுப்புவது) அனுமதி, 2018-ல் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் நோபல். இந்த வரிசைதான் உலகத்தில் பாதி இம்யூனாலஜி மாணவர்களை இந்தப் பக்கம் இழுத்தது. டி செல்லின் மேல் இருக்கும் பிடி-1 என்ற பிரேக்கைப் புற்றுக்கட்டி அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது என்பது கேட்பதற்கு எளிமையாக இருக்கும். ஆனால் நோயாளிகளில் பெரும்பகுதிக்கு அது ஏன் வேலை செய்வதில்லை, ரத்தப் புற்றுநோயில் அசத்தும் கார்-டி செல்கள் நுரையீரல், குடல் மாதிரி திடக் கட்டிகளில் ஏன் திணறுகின்றன என்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் கேள்வி. அதற்குப் பின்னால் பெரும் பணத்தோடு பெரிய லேபுகள் நிற்கின்றன. நீங்கள் இரண்டு வருடம் உழைத்த கேள்விக்கு வேறு யாரோ முந்திக்கொண்டு பதிலைப் பிரசுரித்துவிடும் ஆபத்து இந்தத் துறையில் நிஜமாகவே அதிகம்.

நல்ல பக்கமும் உண்டு. எலியின் தோலுக்கடியில் பி16, எம்சி38 மாதிரி கட்டிச் செல்களைப் போட்டால் மூன்று நான்கு வாரத்தில் சோதனை முடிந்துவிடும். தவறினால் ஒரு மாதம்தான் நஷ்டம். பிஎச்டியில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது மூன்றாம் வருடத்தில்தான் புரியும். முடித்தபின் கம்பெனி வேலையும் உண்டு: ஜெர்மனியில் மைன்ஸில் இருக்கும் பயோஎன்டெக் கோவிட் தடுப்பூசியால் பெயர் வாங்கினாலும், 2008-ல் தொடங்கப்பட்டது புற்றுநோய்க்கான நோயெதிர்ப்பு சிகிச்சைக்காகத்தான்.

இனி நம் ஊர். செக்பாயிண்ட் மருந்துகளின் விலைக்கு அரசு மருத்துவமனையில் அவை சாதாரணமாகக் கிடைப்பதில்லை. கீமோவும் கதிர்வீச்சும் அறுவையும்தான் அங்கே பிரதானம். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருப்பவர்கள், அதுவும் நல்ல திட்டத்தில் இருப்பவர்கள்தான் தனியார் மருத்துவமனையில் அந்த மருந்தைப் பார்க்கிறார்கள். அப்படியானால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த கட்டித் திசு என்று ஒரு நல்ல தொகுப்பு உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? கார்-டி தயாரிக்கும் சுத்த அறை, மரபணுவை செல்லுக்குள் கொண்டுபோகும் வைரஸ் வெக்டர், இவற்றுக்கான செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு, அது சாதாரண விதிவிலக்கு இல்லை. எச்ஐவியோடு வாழும் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. கபோசி சார்கோமா, சில லிம்ஃபோமாக்கள் இவையும் எச்ஐவியோடு சேர்ந்து வருபவை. நாள்பட்ட வைரஸோடு போராடிக் களைத்துப்போன டி செல், கட்டியை எப்படி எதிர்கொள்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்கக் குவாசூலு-நட்டாலைவிடப் பொருத்தமான இடம் உலகில் அதிகம் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: எச்ஐவிக்கு எதிரான டி செல்கள் களைத்துப்போவதற்கும் பிடி-1க்கும் தொடர்பு உண்டு என்று 2006-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் டர்பன் நோயாளிகள். ஆக, இங்கே இருந்துகொண்டு புற்றுநோய் இம்யூனாலஜி செய்வதானால் எச்ஐவியைச் சேர்த்துச் செய்யுங்கள். அதை விட்டுவிட்டு அமெரிக்காவில் ஹூஸ்டன்காரர்கள் செய்வதையே சின்ன அளவில் இங்கே செய்வது வீண்.

## நியூரோஇம்யூனாலஜி

மூளைக்கும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்பதுபோலத்தான் நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். 2015-ல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இரண்டு குழுக்கள் மூளையுறையில் நிணநீர்க் குழாய்கள் ஓடுவதைக் காட்டியபோது துறையே புதிதாகச் சூடு பிடித்தது. 2022-ல் ஹார்வர்ட் குழு, அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசி, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்புகளின் உறையை நோயெதிர்ப்பே தாக்கும் நோய்) வரும் அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்று சொன்னது. மைக்ரோகிளியாவும் (மூளையின் சொந்த நோயெதிர்ப்புச் செல்கள்) அல்சைமரும் என்று இன்னொரு பெரிய பாதை தனியாகப் போகிறது.

இதெல்லாம் படித்துவிட்டுத்தான் "அங்கே போக வேண்டும்" என்று ஆசை வருகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான் உங்கள் ஆசை என்றால் சரி, போங்கள். அந்த நோய் குளிர் நாடுகளில்தான் அதிகம், இங்கே நோயாளிகள் குறைவு.

ஆனால் இங்கே என்ன இருக்கிறது? டிபி மெனிஞ்சைட்டிஸ் (காசநோய்க் கிருமியால் வரும் மூளையுறை அழற்சி), கிரிப்டோகாக்கல் மெனிஞ்சைட்டிஸ் (அதுவே பூஞ்சையால் வருவது), மூளைக்குள் பதுங்கும் எச்ஐவி. இவற்றில் நோயாளியைக் கொல்வது கிருமி மட்டும் இல்லை, மூளைக்குள் மூளும் அழற்சியும்தான். டிபி மெனிஞ்சைட்டிஸுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் சாவு குறைகிறது என்று 2004-ல் வியட்நாமில் காட்டினார்கள். 2023-ல் எச்ஐவி உள்ளவர்களிடம் தனியாகச் சோதித்தபோது அந்த நன்மை தெரியவில்லை. ஏன்? இது திறந்தே கிடக்கும் கேள்வி. கிரிப்டோகாக்கல் மெனிஞ்சைட்டிஸில் ஏஆர்வியை (எச்ஐவி மருந்தை) சீக்கிரம் தொடங்கினால் சாவு கூடுகிறது என்று 2014-ல் உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த சோதனை சொன்னது. நோயெதிர்ப்பு திரும்பி வருவதே எப்படி ஆபத்தாகிறது என்பதை முழுதாக விளக்க இன்னும் ஆள் வேண்டும். கேப்டவுனில் குரூட் ஸ்கூர் மருத்துவமனையிலும், ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனையிலும் இந்த ஆய்வுகள் நெடுநாளாக நடக்கின்றன. ஐரோப்பிய லேபுகள் இந்தச் சாம்பிளுக்காக நம் ஊர்க்காரர்களோடு கூட்டுச் சேர்கின்றன, நாம் அவர்கள் ஊருக்கு விசா வரிசையில் நிற்கிறோம்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் இந்தத் துறையில்தான் அதிகம். முதுகுத்தண்டு நீர் கிடைப்பதே சில மில்லிலிட்டர், அதில் செல்கள் கொஞ்சம், அவையும் சீக்கிரம் சாகும். வார்டில் ராத்திரி முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தால் ராத்திரியே லேபுக்கு ஓட வேண்டும். நோயாளி பல சமயம் சுயநினைவில் இருக்க மாட்டார், சம்மதம் குடும்பத்தாரிடம் வாங்க வேண்டும், அவர்களுக்கு ஜூலுவிலோ கோசாவிலோ புரியும்படி சொல்ல வேண்டும். எத்திக்ஸ் அனுமதிக்கே மாதக்கணக்கில் போகும். நீங்கள் சாம்பிள் எடுத்த ஆள் அடுத்த வாரம் உயிரோடு இல்லை என்பதும் நடக்கும், அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

எலி வழி இன்னொரு மாதிரி கஷ்டம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு மாதிரியாக எலிக்கு மூளை, தண்டுவட அழற்சியை வரவழைத்து, வாலில் தொடங்கிப் பின்னங்கால்வரை வாதம் ஏறுவதைத் தினமும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். முதுமை, அல்சைமர் மாதிரிகளில் எலிக்கு வயதாகும்வரை ஒரு வருடம், ஒன்றரை வருடம் காத்திருக்க நேரும். புரட்டாசி முழுக்க மீனைக்கூடத் தொடாத வீட்டில் வளர்ந்த பிள்ளைகள், உயிரைக் கொல்லும் இந்த வேலையை நம்மால் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே மனசாட்சியோடு பேசிவிடுவது நல்லது. புற்றுநோய்ப் பக்கமும் எலி உண்டுதான். ஆனால் வாதம் வந்த எலியைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

| எதில் | புற்றுநோய் இம்யூனோதெரபி | நியூரோஇம்யூனாலஜி |
|---|---|---|
| இங்கே கிடைக்கும் சாம்பிள் | எச்ஐவி சார்ந்த புற்றுநோய்களில் நிறைய, சிகிச்சை பெற்றவர்களிடம் குறைவு | மூளைத் தொற்றுகளில் நிறைய, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் குறைவு |
| ஒரு சோதனைச் சுற்று | எலியில் 3-4 வாரம் | எலியில் ஒரு மாதம் முதல் ஒன்றரை வருடம், மனித சாம்பிளில் நோயாளி வரும்போது |
| போட்டி | மிகக் கடுமை | நடுத்தரம், மூளைத் தொற்றில் குறைவு |
| கம்பெனி வேலை | அதிகம், ஆனால் வெளிநாட்டில் | குறைவு |
| இங்கே திரும்பினால் | டி செல் வித்தையை எச்ஐவி, டிபி லேபுகள் விரும்பும் | நோயாளி ஆய்வுக் குழுக்களில் நேராகச் சேரலாம் |

இரண்டும் சந்திக்கும் இடமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கார்-டி சிகிச்சை பெற்ற சிலருக்குக் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு என்று மூளைப் பாதிப்பு வருகிறது. அதை ஆராய்பவர் எந்தத் துறைக்காரர்? ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகளின் மூளைத்தண்டுக் கட்டிக்குக் கார்-டி செலுத்தி 2022-ல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் 2021-ல் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவருக்கே கார்-டி கொடுத்துப் பார்த்தார்கள், அதிலிருந்து நரம்பு மண்டலத்தின் தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் அது போய்க்கொண்டிருக்கிறது. எதைத் தேர்வு செய்வது என்று நிஜமாகவே முடியவில்லை என்றால் இப்படி எல்லையில் நிற்கும் லேபைத் தேடுங்கள்.

## எந்த ஊர்

தென்னாப்பிரிக்கா. டர்பனில் மெடிக்கல் ஸ்கூல் வளாகத்திலேயே இருக்கும் ஆப்பிரிக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனம், கேப்டவுன் பல்கலைக்கழகம், ஜோகன்னஸ்பர்கின் விட்ஸ், ஸ்டெல்லன்போஷ், இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. வகுப்பு கிடையாது, நேராக ஆய்வு. வீட்டில் இருந்தால் வாடகை மிச்சம், அம்மா சமையல். ஆனால் பர்சரி டாலரில் வருவதில்லை, ஆன்டிபாடி டாலரில் வருகிறது. ரேண்ட் சரியும்போது உங்கள் சோதனை எண்ணிக்கையும் சரியும். வெளிநாட்டில் இருந்து வரும் ரீஏஜென்ட் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு ஐஸ் உருகிப்போன கதையை எந்த லேபிலும் கேட்கலாம். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பிஎச்டி உதவித்தொகைக்கு வயது 32-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, இடங்களில் 95 சதவீதம் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். பெரிய ஆபத்து வேறு: இங்கே எச்ஐவி, டிபி ஆராய்ச்சியில் பெரும்பங்கு அமெரிக்கப் பணம். 2025-ல் அந்தக் குழாயை அடைத்தபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழுக்களே ஆட்டம் கண்டன. ஆகவே சூப்பர்வைசரிடம் உங்கள் திட்டத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எந்த வருடம் முடிகிறது என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஜெர்மனி. ஹைடல்பெர்கில் ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தின் பிஎச்டி திட்டம் முதல் துறைக்கு. மியூனிக், ஃபிரைபுர்க், கோட்டிங்கன் மூன்றும் இரண்டாம் துறைக்கு. பெரும்பாலும் மாணவர் உதவித்தொகையாக இல்லாமல் வேலை ஒப்பந்தமாகவே கொடுப்பார்கள், அதனால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் சேர்ந்து வரும், கல்விக் கட்டணம் இல்லை. 65 சதவீதச் சம்பளம் என்று எழுதியிருப்பார்கள், 100 சதவீத வேலை வாங்குவார்கள், அது அங்கே ஊரறிந்த ரகசியம். முதுகலை கேட்பார்கள், வெறும் ஆனர்ஸ் பல இடங்களில் போதாது. எலிச் சோதனைக்கான அரசு அனுமதிக்குப் பல மாதம் ஆகும் என்பதால், நீங்கள் சேரும் திட்டத்துக்கு அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். மியூனிக்கில் வீடு தேடுவது தனி பிஎச்டி. ஒப்பந்தம் இல்லாமல் உதவித்தொகையிலோ சொந்தக் காசிலோ போகிறவர்கள் வருடத்துக்கு 11,904 யூரோ கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும், இந்தத் தொகை அவ்வப்போது ஏறும்.

பிரிட்டன். மொழி பிரச்சினை இல்லை, சொந்தக்காரர்கள் லண்டனில் இருப்பார்கள், நாலு வருடத் திட்டங்கள் நல்லவை. ஆனால் அரசு நிதியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு திட்டத்திலும் 30 சதவீதம்தான் உச்சம், அதிலும் உலகமே போட்டி. சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு வருடம் 776 பவுண்டு, நாலு வருடத்துக்கும் விசாவோடு சேர்த்து முன்பணமாகக் கட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இருந்து போவதால் டிபி பரிசோதனைச் சான்றும் வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு பழைய கார் வாங்கும் காசு போய்விடும், உதவித்தொகை அதற்குப் பிறகுதான் வரும்.

அமெரிக்கா. ஐந்து ஆறு வருடம். முதல் வருடம் இரண்டு மூன்று லேபுகளில் சுற்றிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம், முதுகலை இல்லாமலே ஆனர்ஸோடு சேரலாம். துறை எது என்றே தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. கார்-டி வேலைக்குப் பென்சில்வேனியாவும் ஸ்டான்ஃபோர்டும், மூளை நோயெதிர்ப்புக்கு செயின்ட் லூயிஸும் எங்கும் இணையில்லாதவை. ஆனால் 2025-ல் மத்திய அரசின் ஆராய்ச்சிப் பணம் ஆட்டம் கண்டதில் பல பல்கலைக்கழகங்கள் இடங்களைக் குறைத்தன, சில கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொண்டன. ஒரே நாட்டை நம்பி விண்ணப்பிக்கும் காலம் இது இல்லை.

இந்தியா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சை 2023-ல் அனுமதி பெற்றது, விலையும் அமெரிக்க விலையில் ஒரு சிறு பங்கு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாயில் தொடங்கலாம். டர்பனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது, ஆகவே அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

## அப்போ யார் எங்கே

ஆனர்ஸ் மட்டும் முடித்தவர், துறை முடிவாகவில்லை, வீட்டில் பொறுப்பு அதிகம் இல்லை: அமெரிக்காவுக்குப் போடுங்கள், கூடவே இங்கே எம்எஸ்சிக்கும் போடுங்கள். எம்எஸ்சி முடித்தவர், செல் பொறியியல் ஆசை: ஜெர்மனி முதல், பிரிட்டன் இரண்டாவது. எம்எஸ்சி முடித்தவர், நோயாளியோடு தொடர்புள்ள வேலை வேண்டும், அப்பா அம்மாவை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது: கேப்டவுனில் மெனிஞ்சைட்டிஸ், அல்லது டர்பனிலேயே எச்ஐவியும் புற்றுநோயும். இவர்களுக்கு என் தனிப்பட்ட சிபாரிசு, இங்கே பதிவு செய்துகொண்டு நடுவில் ஆறு மாதம், ஒரு வருடம் ஐரோப்பிய கூட்டாளி லேபில் போய் இருந்து வருவது. சாம்பிள் நம்முடையது என்பதால் அங்கே நீங்கள் வெறும் விருந்தாளி இல்லை, கட்டுரையில் முதல் பெயரைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கும்.

கணவரோடு வந்து இங்கே இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. துணைவர் விசாவில் இருந்துகொண்டு அப்படியே பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட முடியாது, படிப்புக்கான அனுமதி வாங்க வேண்டும். இந்தியப் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தில் மதிப்பிட்டு வாங்கவும் நேரமும் காசும் ஆகும். உதவித்தொகையில் மேலே சொன்ன 95 சதவீதக் கணக்கில் நீங்கள் வெளியே. ஆகவே உங்களுக்கு வழி, சூப்பர்வைசரின் சொந்த மானியத்தில் இருந்து சம்பளம் கொடுக்கும் லேபுதான். அதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள், மூன்று நேர்காணல் முடித்தபின் தெரிந்துகொள்வதைவிட மேல்.

மற்றவர்கள் கைடிடம் கேட்பதோடு நிற்காமல், அந்த லேபில் சமீபத்தில் முடித்த ஒருவரிடமும் இரண்டு விஷயம் கேளுங்கள்: கடைசி வருடம் சம்பளம் எங்கிருந்து வந்தது, முதல் சாம்பிள் கைக்கு வர எத்தனை மாதம் ஆனது. விண்ணப்பத் தேதிகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவும் பிரிட்டனும் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் மூடும். நம் ஊர் அறக்கட்டளைப் பணம் வருட நடுவிலேயே மூடிவிடும், பல்கலைக்கழகம் வைக்கும் உள் தேதி அதற்கும் முன்னால்.